எனக்காக எடுத்த உபவாசம்

மிஷனுக்குப் போகக் காத்திருக்கும் தங்கைகள் சிலர், பலெர்மோவில் எனக்கு என்ன ஆனது என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் கேட்கிறார்கள், இன்னும் அதிகக் கவலையோடு. ஆளுக்கொரு விதமாகப் பாதி பாதி சொல்வதைவிட ஒரே தடவை முழுதாக எழுதிவிடுவது நல்லது. திரையை நெடுநேரம் பார்த்தால் கண் கூசுகிறது. அதனால் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் மானிட்டர்களையும் ஊசிமருந்து பம்புகளையும் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். மற்றவர்கள் மோர்மோன்கள் என்று அழைக்கும் சபை எங்களுடையது. ஊழியத்துக்குப் போகும் மிஷன் அழைப்பு வந்தபோது அதில் இத்தாலி என்று இருந்தது. ஊரில் நான் கிருபா. அங்கே போனதும் சட்டையில் குத்திய கறுப்புப் பெயர்ப்பட்டையில் அப்பா பெயர் ஏறிவிட்டது. எல்லோருக்கும் நான் சொரெல்லா பால்ராஜ், அதாவது பால்ராஜ் சகோதரி. அம்மாவுக்கு அதில் ஒரே சிரிப்பு. "உங்கப்பனைப் போய் அக்கான்னு கூப்பிடறாங்களே பாப்பா!"

எங்கள் நாட்கள் எல்லாம் ஒரே அச்சு. காலையில் எழுந்து உடற்பயிற்சி, வேதபாடம், இத்தாலி மொழிப் பாடம். பிறகு ஒரேத்தோ பகுதியில் இருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு பழைய நகரத்தில் அல்பெர்கேரியாவின் சந்துகளுக்கு நடப்போம். கதவு தட்டுவோம், சந்தையில் பேச்சுக் கொடுப்போம், மாலையில் சபையில் இலவச ஆங்கில வகுப்பு. திங்கட்கிழமை துணி துவைப்பது, கடைக்குப் போவது, வீட்டுக்கு வீடியோ அழைப்பு. மிஷனரி எப்போதும் தனியாக இருக்கக் கூடாது. துணை மிஷனரி கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளியலறை மட்டும் விலக்கு. என் துணை சொரெல்லா ஹேன்சன், அமெரிக்காவில் உருளைக்கிழங்கு விவசாயிகளின் மகள். என்னைவிட நாலு வயது சின்னவள், என்னைவிட இரண்டு மடங்கு சத்தம்.

வெயில் காலத்தில் தலைவலி ஆரம்பித்தது. காரணங்களை மனதுக்குள் வரிசையாக வைத்தேன்: வெயில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிக்கும் அந்தச் சூடான காற்று, கண்ணாடியின் பவர், தூக்கக் குறைவு. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். தொப்பி வாங்கினேன். கண்ணாடிக் கடைக்குப் போனேன். மதிய ஓய்வில் படுத்தேன். வலி எதற்கும் அசையவில்லை. படுத்தால் கூடியது, உட்கார்ந்தால் குறைந்தது. அது கவனிக்க வேண்டிய அறிகுறி என்று எனக்குத் தெரியாது. மானிட்டரைப் பழுது பார்க்கத் தெரிந்தவளுக்கு நோயாளியைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாச நாள். இரண்டு வேளை உணவும் தண்ணீரும் இல்லை. அன்று நானும் இருந்தேன். அடுத்த நாள் தலைவலி பிடரிக்கு இறங்கியது. இதைப் பார்த்து ஹேன்சன் பயந்துபோய் அந்தப் பகுதியில் இருந்த எல்டர்கள் இருவரிடமும், அதாவது ஆண் மிஷனரிகளிடம், சொல்லி, எனக்காக உபவாசம் இருக்கலாமா என்று கேட்டாள். "புதன்கிழமை நாங்கள் எல்லோரும் உங்களுக்காக உபவாசம் இருக்கிறோம்" என்றார்கள்.

நோயாளிகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னை இருக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் மூன்று பேர் என் தலைவலிக்காகத் தாகத்தோடு தெருவில் நடக்கும்போது நான் மட்டும் எப்படி மடமடவென்று தண்ணீர் குடிப்பது? ஹேன்சன் கேட்டபோது, "நானும் சேர்கிறேன், பரவாயில்லை" என்றேன். தலைவலி போக வேண்டும் என்று தலைவலிக்காரியே தண்ணீரை நிறுத்தினாள். எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அன்பினால் செய்தது என்பதால் யாருக்கும் தவறாகவே தோன்றவில்லை.

புதன் மாலை ரெஜினா அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். இலங்கையில் மன்னார்க்காரி. வயதான ஒரு சிஞோராவை, இத்தாலிய அம்மாளை, பார்த்துக்கொள்ளும் வேலை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தின் பக்கம் இரண்டு அறை வீடு. பக்காக் கத்தோலிக்கர். எங்கள் சபைக்கு வரப்போவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "மதம் மாறமாட்டன். ஆனா சோறு தருவன், வாங்கோ." தமிழ் கேட்பதற்காகவே நான் போய்க்கொண்டிருந்தேன்.

படி ஏறும்போது குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். நிமிர்ந்ததும் கண்ணுக்கு முன்னால் சாம்பல் நிறத் திரை விழுந்து, சில நொடி நின்று, விலகியது. கதவுக்குள் நுழைவதாக நினைத்து நிலையில் தோளை மோதினேன்.

"பிள்ளை! கதவு இஞ்சை, நீர் எங்கை போறீர்?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"ரெண்டு ரெண்டாவோ? அப்ப நான் ரெண்டு பேரோ? ஒண்டையே இந்த வீடு தாங்காது." சிரித்துக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "கடைசியா எப்ப தண்ணி குடிச்சனீர்?"

"நேத்து சாயங்காலம். இன்னைக்கு உபவாசம்க்கா."

"ஆருக்காக?"

"எனக்காகத்தான். தலைவலி போகணும்னு."

அவர் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். "வருத்தக்காரி வருத்தம் மாறத் தண்ணி குடியாமல் இருக்கிறாவாம். கேட்டியளோ அம்மா! நாங்களும் தபசு காலத்திலை ஒருசந்தி இருக்கிறனாங்கள்தான். எண்டாலும் தண்ணியை ஆரும் விடுறேல்லை." ஹேன்சன் பக்கம் திரும்பி இத்தாலியனில் கத்தினார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே அவளை அழவைக்கப் போதுமாக இருந்தது. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. குடித்தேன். குடித்ததை அப்படியே அவருடைய சமையலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன். வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"எழும்பும். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அவசரப் பிரிவில் முதலில் ஒரு நர்ஸ் நிறம் கொடுப்பார். எவ்வளவு அவசரம் என்பதற்கான நிறம். என் பெயர்ப்பட்டையைப் பார்த்து, "கன்னியாஸ்திரீகளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ரெஜினா அக்கா, "இல்லை, இதுகள் வேற கம்பனி" என்று இத்தாலியனில் முடித்துவிட்டார். நர்ஸ் சிரித்தார். பிறகு என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நிறத்தை மாற்றினார். எனக்குப் பயம் அங்கேதான் ஆரம்பித்தது. மருத்துவமனையில் வேலை செய்தவர்களுக்கு அந்த முகம் தெரியும்.

காத்திருந்த கூடத்தில் ஒரு குடும்பம் யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எங்களை அதிகம் காக்க வைக்கவில்லை. அதுவும் பயமாகவே இருந்தது.

நரம்பியல் டாக்டர் இளவயதுப் பெண். நிதானமாகப் பேசினார். கர்ப்பமா என்றார். இல்லை. கருத்தடை மாத்திரை? இல்லை. நிச்சயமாக? ஹேன்சனின் காது சிவந்தது. "அவர் மிஷனரி, நான் எப்போதும் கூடவே இருக்கிறேன்" என்று சாட்சி சொன்னாள். டாக்டர், "நல்லது" என்று எழுதிக்கொண்டார். காபி? இல்லை. புகை? இல்லை. மது? இல்லை. "உங்களுக்கு எதுவுமே இல்லையே" என்றார். அப்போது ரெஜினா அக்கா குறுக்கே வந்து தண்ணீர் கதையைச் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு சிரைகள் தெரியும்படி மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. நோயின் பெயரை எளிதாகச் சொன்னால், மூளைச் சிரையில் ரத்தக்கட்டு. மூளைக்குள் ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் வேறு, வேலை முடிந்த ரத்தத்தை வெளியே கொண்டுவரும் குழாய்கள் வேறு. எனக்கு அடைத்தது வெளியே வரும் வழி. குழாய் திறந்திருக்கிறது, தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறது. மண்டை எலும்பு விரியாது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறும். உடம்பில் நீர் குறைந்து ரத்தம் கெட்டியாவது இதற்கு ஒரு காரணமாகலாம். "உபவாசம் மட்டும்தான் காரணமா?" என்று கேட்டேன். "மட்டும் என்று சொல்ல முடியாது. உங்கள் ரத்தத்துக்கே உறையும் சுபாவம் இருக்கிறதா என்று பிறகு பார்ப்போம். ஆனால் தண்ணீரை நிறுத்தியது நல்லது செய்யவில்லை" என்றார்.

நான் பழுது பார்த்த பம்புகள், குழாய் அடைத்தால் கத்தும். நோயாளிகள் சிலர் சத்தம் பொறுக்காமல் அதை மியூட் செய்துவிடுவார்கள். அவர்களைத் திட்டியிருக்கிறேன். என் தலைவலியும் அப்படிக் கத்தியதுதான். நான் வாரக்கணக்கில் மியூட் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு கண் டாக்டர் வந்தார். சொட்டு மருந்து விட்டு, விளக்கை வைத்து உள்ளே பார்த்தார். மூளையிலிருந்து கண்ணுக்கு வரும் நரம்பு, பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் வீங்கியிருக்கிறது என்றார். இரண்டு கண்ணிலும். வலது கண்ணில் அதிகம். வீக்கம் நெடுநாள் நின்றால் நரம்பு செத்துவிடும். செத்த நரம்பு திரும்ப வராது.

"பார்வை போய்விடுமா?"

"போகாமல் இருக்கத்தான் நீங்கள் இங்கே படுத்திருக்கிறீர்கள்."

அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இறந்துபோவேன் என்ற பயம்கூட எனக்கு அவ்வளவு வரவில்லை. அது பெரிதாக, தூரமாக இருந்தது. கண் பக்கத்தில் இருந்தது. சர்க்யூட் போர்டில் கடுகளவு பாகங்களைப் பார்த்துச் சால்டர் வைக்கும் கை என்னுடையது. அப்பா போன பிறகு வீடு அந்தக் கையில்தான் நின்றது.

ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி, அழுத்தம் குறைய மாத்திரை. மாத்திரையால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊரும். செலவை மிஷன் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று மிஷன் தலைவரின் மனைவி தொலைபேசியில் சொன்னார். அதைக் கேட்டபிறகும் அம்மா, நகையை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பார்வையாளர் நேரம் முடிந்ததும் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வந்து எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் முதன்முறையாகத் தனியாக இருந்தேன். ஹேன்சனும் தனியாக இருக்கக் கூடாது என்பதால் சபைப் பெண் ஒருவர் எங்கள் வீட்டில் அவளோடு படுத்தார். துணை இருப்பது சில நாள் எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது. இப்போது ஹேன்சனின் குறட்டை இல்லாமல், பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பது பயமாக இருந்தது.

வாரம் ஒரு முறைதான் வீட்டுக்குப் பேசலாம் என்ற வழக்கத்தை மிஷன் தலைவரின் மனைவி எனக்காகத் தளர்த்தினார். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்றார். கூப்பிட்டால் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். எனக்கு இன்னும் இருட்டு. அங்கே விடிந்திருக்கும். குக்கர் விசில், மிக்ஸி, பால்காரரிடம் சில்லறைச் சண்டை. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுநடுவே, "பாப்பா, இருக்கறயா?" என்பார். "இருக்கேம்மா." "செரி" என்று திரும்பவும் தாளிக்கப் போய்விடுவார்.

ஆனால் கண்ணை மூடியிருப்பதுதான் எனக்குத் தாங்காது. மேற்கூரைப் பலகைகளில் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக இருந்தன. ஒரு கண்ணை மூடி, நடுவில் ஒரு துளையைப் பார்த்துக்கொண்டு, சுற்றி எதுவரை தெரிகிறது என்று சோதிப்பேன். வலது கண்ணில், மூக்குப் பக்கம் கீழே, வரிசைகள் மங்கிப் போயின. கறுப்பாகத் தெரியவில்லை. அங்கே எதுவுமே இல்லை. இல்லாததை மூளை நிரப்பிவிடும் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தெரிகிற துளைகளைக்கூட நம்ப முடியவில்லை. எது உண்மையில் இருக்கிறது, எதை என் தலை போட்டுக்கொடுக்கிறது?

எல்டர்கள் ஆசீர்வாதம் கொடுக்க வந்தார்கள். எங்கள் வழக்கம் இது: உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு இருவரும் தலையில் கை வைத்து ஜெபம். அந்த நேரத்தில் வருகிற வார்த்தைகளைச் சொல்வார்கள், எழுதி வைத்துக்கொள்வதில்லை. எல்டர் வில்சனுக்குப் பத்தொன்பது வயது. "மெதுவாக வையுங்கள்" என்றேன். தூசி படிவதுபோல வைத்தார். ஆறுதல் கிடைக்கும் என்றார். மருத்துவர்களின் கைகள் வழிநடத்தப்படும் என்றார். என் குடும்பம் தாங்கப்படும் என்றார். நான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். கண். பார்வை. இரண்டில் ஒன்று. அவர் ஒரு இடத்தில் நிறுத்தினார், மூச்சை இழுத்தார். இப்போது வரும் என்று நினைத்தேன். ஆமென் என்று முடித்துவிட்டார்.

நன்றி சொன்னேன். கை குலுக்கினேன். அன்று முழுக்க அந்த நிறுத்தத்தைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. அவருக்குக் கொடுக்கப்படாததால் சொல்லவில்லையா, சொல்லப் பயந்துவிட்டாரா? வெளியே போய் லிஃப்டில் அழுதாராம். ஹேன்சன் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஹேன்சனுக்கு வேறு பாரம். "உபவாச யோசனை என்னுடையது" என்று தினமும் ஆரம்பிப்பாள். "சேர்ந்தது நான்" என்று நான் முடிப்பேன். இதற்கிடையே சபையில் வரும் ஞாயிறு எல்லோரும் எனக்காக மறுபடி உபவாசம் இருக்கப் போவதாக அவள் சொன்னபோது ரெஜினா அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சொல்லிப்போடும் அவையளுக்கு. செபம் செய்யட்டும், நல்லது. ஆனா இந்தப் பிள்ளையின்ரை பேரிலை இனி ஒருத்தரும் தண்ணியை நிப்பாட்ட வேண்டாம் எண்டு."

நான் அதைக் கொஞ்சம் மரியாதையாக மொழிபெயர்த்தேன். அன்றிலிருந்து ஹேன்சன் வரும்போதெல்லாம் பெரிய பாட்டிலோடு வருவாள். நான் ஒரு டம்ளர் குடித்தால் அவளும் ஒரு டம்ளர் குடிப்பாள், எதிரே உட்கார்ந்து, கடமையாக. பிறகு இரண்டு பேரும் மாறி மாறிக் கழிவறைக்குப் போவோம்.

ஒரு காலையில் கண் விழித்தபோது, வலது கண்ணில் மேற்கூரையின் பாதி சாம்பலாக இருந்தது. காத்திருந்தேன். விலகவில்லை. மணியை அழுத்தினேன்.

நரம்பியல் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். முதுகுத் தண்டில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் வெளியே எடுத்தால் அழுத்தம் உடனே இறங்கும். கண்ணுக்கு அது உதவும். ஆனால் ரத்தம் உறையாமல் போடும் ஊசியை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டும். நிறுத்திய நேரத்தில் தலைக்குள் இருக்கும் ரத்தக்கட்டு வளரலாம். நிறுத்தாமல் குத்தினால் முதுகெலும்புக்குள் ரத்தம் கசியலாம். குத்தாமலே விட்டால் அந்தக் கண்ணுக்கு உறுதி இல்லை. "நீங்கள் பெரியவர். கையெழுத்து உங்களுடையது."

ஊரில் எந்த இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்பும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எது கெட்டால் மாற்ற முடியும், எது கெட்டால் மாற்ற முடியாது என்று பிரித்துவிடுவேன். இங்கே எல்லாமே இரண்டாவது பக்கத்தில் விழுந்தன. அம்மாவுக்கு அழைத்தேன். மிக்ஸி நின்றது.

"அம்மா, ஒண்ணு செஞ்சா தலைக்கு ஆபத்து, செய்யாட்டிக் கண்ணுக்கு ஆபத்து. என்ன பண்றது?"

அம்மா அடுப்பை அணைத்தார். "டாக்டருக்கு வயசு என்ன?"

"சின்னவங்கதாம்மா."

"உன் மூஞ்சியப் பாத்துப் பேசறாங்களா, பேப்பரப் பாத்துப் பேசறாங்களா?"

"என்னப் பாத்து."

"அப்ப அவங்க சொல்றதச் செய் பாப்பா." குரல் உடையவில்லை. போனை வைத்த பிறகு உடைந்திருக்கும்.

டாக்டரிடம் கேட்டேன், உங்கள் தங்கையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று. "இன்றே செய்வேன்" என்றார். கையெழுத்து போட்டேன். அந்த நாளுக்கு ஊசி நிறுத்தப்பட்டது. காத்திருந்த நேரத்தில் தலைக்குள் ஏதாவது நகர்கிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். வலது கையை மூடித் திறந்தேன், மூடித் திறந்தேன்.

பக்கவாட்டில் படுத்து முழங்காலை நெஞ்சோடு சுருட்டிக்கொள்ள வேண்டும். ரெஜினா அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நர்ஸ் அனுமதித்ததும் முன்னால் நின்று என் முழங்காலையும் கழுத்தையும் சேர்த்துப் பிடித்தார்.

"ஆடாதையும். ஆடினா நான் உம்மை எங்கடை கோயிலிலை கொண்டுபோய் ஞானஸ்நானம் குடுத்துப்போடுவன்."

சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வந்து, அடக்கி, அழுதேன். ஊசி போன இடத்தில் மின்சாரம் போல ஒன்று காலுக்கு இறங்கியது. கண்ணாடிக் குழாயில் நீர் ஏறும் உயரம்தான் அழுத்தத்தின் அளவு. நான் திரும்பிப் பார்க்க முடியாது. டாக்டர் மெதுவாக ஒரு சத்தம் எழுப்பினார். குழாய் போதவில்லை என்று பிறகு சொன்னார். சொட்டுச் சொட்டாக எடுத்தார்கள். தலைக்குள் யாரோ இறுகக் கட்டியிருந்த துணியைத் தளர்த்துவதுபோல இருந்தது.

மாலைக்குள் சாம்பல் விலகியது. முழுதாகவா என்று எனக்குத் தெரியவில்லை. ஊசிகள் மறுபடி தொடங்கின. ரத்தக்கட்டு வளரவில்லை என்று அடுத்த ஸ்கேன் சொன்னது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பார்வைப் பரப்பைச் சோதித்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். எங்கேயாவது சின்ன ஒளி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அந்த இயந்திரத்தை எனக்குத் தெரியும். திறந்து சுத்தம் செய்திருக்கிறேன். நடுவே வேண்டுமென்றே ஒளி காட்டாமல் இருக்கும். அப்போது அழுத்துபவர்களைப் பொய்க் கணக்கில் எழுதிவிடும். அதனால் ஏமாற்ற முடியாது. ஆனால் அது தெரிந்ததே எனக்குத் துன்பமாகிவிட்டது. ஒளி வராமல் சில நொடி போகும்போதெல்லாம், இயந்திரம் சும்மா இருக்கிறதா, நான் பார்க்காமல் போகிறேனா என்று தெரியாது. கட்டைவிரலைப் பட்டன்மேலேயே வைத்திருந்தேன். நிசப்தமான இடைவெளிகள். எவ்வளவு நீளமானவை அவை!

முடிவை அச்சடித்து நீட்டினார் கண் டாக்டர். இடது கண் சுத்தம். வலது கண்ணில், மூக்குப் பக்கம் கீழே, ஒரு கறுப்புத் திட்டு.

"இது நிற்கும்" என்றார். "மற்றதெல்லாம் உங்களுடையது. நடுப்பார்வை நன்றாக இருக்கிறது. நீங்கள் சொன்னீர்களே, அந்தச் சால்டர் வைக்கலாம்."

"திட்டு பெரிதாகுமா?"

"மாத்திரையை விடாமல் எடுத்து, சோதனைக்கு வந்துகொண்டிருந்தால், நான் அப்படி எதிர்பார்க்கவில்லை." ஆகாது என்று அவர் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

விமானத்தில் பறக்க அனுமதி கிடைத்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. காத்திருப்பு அறையில் ஹேன்சன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்வதற்கு முன்பே அம்மாவுக்கு வீடியோ போட்டேன். அம்மா போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தார், எப்போதும் போல.

"நான் தெரியறனா?"

"தெரியறீங்கம்மா."

"அந்தக் கண்ணுல? நல்ல கண்ண மூடிட்டுப் பாரு."

இடது கண்ணை மூடிக்கொண்டு, போனைக் கிட்டே கொண்டுவந்து, அம்மாவின் மூக்கைப் பார்த்தேன். நெற்றி இருந்தது. பொட்டில்லாத அந்த நெற்றியின் வியர்வை இருந்தது. இரண்டு கண்களும் இருந்தன. கீழே ஒரு ஓரத்தில் முகம் முடிகிற இடம் மட்டும் இல்லை.

"எல்லாம் தெரியுதும்மா. ஒரு காதும் கம்மலும் மட்டும் காணோம்."

அம்மா கையை உயர்த்தினார். கை அந்த ஓரத்துக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"இருக்குது பாப்பா. நான் தொட்டுப் பாத்துட்டேன்."